தோலுக்குப் போன சாவுச் செய்தி

வலது கன்னத்தில் அந்த வலி முதன்முதலாக வந்தபோது கம்பெனி கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பக்கம் கரண்ட் கம்பியை வைத்து எடுத்ததுபோல ஒரு வெட்டு. கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. வந்த வேகத்திலேயே வலி போயும்விட்டது. எதிரில் இருந்தவர்கள் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் பெயர் செல்வி. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். வேலைக்கு வந்த இடத்தில், அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த சண்முகத்தைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் அவிநாசிபாளையத்துக்காரர், தோட்டம் வைத்திருந்த குடும்பம். மாமனார் இறந்தபின் மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்கு ஒரே மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள்.

பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தார். பல் போனது, வலி போகவில்லை. முகம் கழுவினால் வந்தது, ஃபேன் காற்று பட்டால் வந்தது, லைனில் யாரையாவது கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் வந்தது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். முகத்துக்கு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று இருக்கிறதாம். பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய் அதில் உரசிக்கொண்டே இருந்தால், ஒன்றுமே நடக்காதபோதும் வலி வலி என்று மூளைக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கும் என்றார். கார்பமசிபின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். வலிப்பு வருகிறவர்களுக்கும் கொடுக்கிற மாத்திரைதான். உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள் என்று அவர் சொன்னதாக என் கணவர் சொல்கிறார். எனக்கு அப்படி எதையும் கேட்ட ஞாபகம் இல்லை. அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

மாத்திரை கேட்டது. ஒரு வாரத்தில் முறுக்கு கடித்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போயிருக்கும், காய்ச்சல் வந்தது. கண் சிவந்து எரிந்தது. சீசன் நேரம், கம்பெனியில் நாலைந்து பேருக்குக் கண்வலி இருந்தது, அதுதான் ஒட்டிக்கொண்டது என்றார்கள். மறுநாள் உதடு வெடித்து, எச்சில் விழுங்க முடியவில்லை. அடுத்த நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு.

அத்தை என் நைட்டியின் கழுத்தை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மை போட்டிருக்குது கண்ணு. ஆத்தா வந்திருக்கறா.”

உடனே வீட்டில் சமையல் மாறியது. வாசலில் வேப்பங்கொத்து செருகினார். என் படுக்கையில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வேப்பிலையைப் பரப்பினார். காய்ச்சல் மாத்திரை, கண்ணுக்கு வாங்கிய சொட்டு மருந்து, நரம்பு மாத்திரை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சண்முகம் தடுத்துப் பார்த்தார்.

“நரம்பு மாத்திரைங்கம்மா அது. திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க.”

“ஆத்தா எறங்கட்டும். அப்பறம் குடுத்துக்கலாம். அம்மை போட்ட ஒடம்புல மாத்திரை கீத்திரை ஒண்ணும் ஆகாது.”

“வலி வந்துருச்சுன்னா?”

“வந்தா நான் பாத்துக்கறேன் சாமி. நீ போய் எளநி வாங்கிட்டு வா.”

எனக்குப் பேச வாய் இல்லை. இருந்திருந்தாலும் நான் அத்தை பக்கம்தான் நின்றிருப்பேன். எங்கள் ஊரிலும் அம்மை என்றால் இதைத்தான் செய்வார்கள்.

இரண்டு நாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிக் கொப்புளமாயின. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பிப் படுத்தபோது முதுகில் ஈரமாக ஏதோ பிரிந்தது. வேப்பிலைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தை ஒரு இலையை மெல்ல இழுத்தார். இலையோடு தோலும் வந்தது. அவர் அப்படியே நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய், “சண்முகா, வண்டியெடு” என்று கத்தியதை நான் கேட்டேன்.

எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொல்லவில்லை. நின்றபடியே என் தோள்பட்டையில், நல்லதாகத் தெரிந்த ஒரு இடத்தில், கட்டைவிரலை வைத்து லேசாகத் தள்ளினார். பாலின்மேல் படிந்த ஆடையைப்போலத் தோல் சுருண்டு நகர்ந்தது.

“அம்மை இல்லைங்க இது” என்றார். “புதுசா என்ன மாத்திரை எடுத்துக்கிட்டீங்க?”

சண்முகம் பெயரைச் சொன்னார். டாக்டரம்மா எங்களை வைத்துக்கொண்டே கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸில் அவிநாசி ரோட்டின் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் என் முதுகு எண்ணியது.

நான் நாளெல்லாம் துணியைப் பார்க்கிற வேலை செய்கிறவள். தோல் உரிந்ததைத் துணியோடு ஒப்பிட்டுச் சொல்வேன் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. துணிக்கு வலிக்காது.

ஆஸ்பத்திரியில் என்னைத் தீக்காயப் பிரிவில் சேர்த்தார்கள். தீயே படாத என்னை ஏன் அங்கே கொண்டுபோகிறார்கள் என்று அத்தை கேட்டுக்கொண்டே வந்தார். தோலின் மேல்பாகம் மொத்தமாகப் பிரிந்துவிட்டால், காரணம் தீயாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான் என்று பிறகு புரிந்துகொண்டோம். தண்ணீர் வெளியேறும், சூடு வெளியேறும், கிருமி உள்ளே வரும். அறையைக் கோடைக்கால வெயில்போலச் சூடாக வைத்திருந்தார்கள். அப்படியும் எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. போர்வை போர்த்த முடியாது, ஒட்டிக்கொள்ளும். மருந்து தடவிய மெல்லிய வலைத்துணியை உடம்பு முழுக்கச் சுற்றினார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள்.

தோல் டாக்டர் பெயர் நித்யா. சின்ன வயது. சோமனூர்ப் பக்கத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரையைக் கடைசியா எப்ப போட்டாங்க?”

அத்தைதான் சொன்னார், திட்டு வாங்கத் தயாராகிவிட்ட குரலில்.

“புள்ளி கண்ட அன்னைக்கே நாந்தானுங்க எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். அம்மைன்னு நெனச்சுட்டேனுங்க. தப்புத்தான்.”

“அப்படீன்னா ரெண்டு மூணு நாளா உள்ளே போகலை?”

“இல்லீங்க.”

“நல்ல வேளைங்கம்மா” என்றார் டாக்டர். “அதை நிறுத்தறதுதான் முதல் வைத்தியம். நெறையப் பேரு இங்க வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டேதான் வர்றாங்க.” பிறகு என் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். “ஆனா இந்த எலை ஏனுங்க?”

முதுகில் ஒட்டியிருந்ததை உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அத்தை செய்ததில் பாதி என்னைக் காப்பாற்றியது, பாதி கிருமிக்கு வழிவிட்டது. இரண்டையும் அவர் ஒரே அக்கறையோடுதான் செய்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் என் கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. இனி நான் எழுதப்போவதில் பெரும்பகுதி பார்த்ததல்ல, கேட்டது.

மறுநாள் டாக்டர் நித்யா என் கட்டிலருகில் வைத்தே சண்முகத்திடம் பேசினார். என் உடம்பின் பாதுகாப்புச் செல்களில் சில, அந்த மாத்திரையால் ஏமாந்து, என் சொந்தத் தோல் செல்களைக் கிருமி புகுந்த செல்கள் என்று எண்ணிவிட்டன. அவற்றைச் சாகச் சொல்லிச் செய்தி அனுப்புகின்றன. தோல் செல்கள் அதைக் கேட்டுச் செத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்திகளைக் கொண்டுபோகும் பொருள்களில் ஒன்றுக்கு டி.என்.எஃப் என்று பெயர். அதை வழியிலேயே பிடித்துவைக்கும் ஊசி ஒன்று உண்டு. மூட்டுவாதத்துக்குப் போடுகிற ஊசி. இந்த நோய்க்கும் சில இடங்களில் பலன் தந்திருக்கிறது, உறுதி சொல்ல முடியாது.

சண்முகம் கேட்டார்.

“கிருமி வந்தாச் சண்டை போடறதும் அதேதானுங்களே? அதைப் புடிச்சு வெச்சுட்டா, இவ ஒடம்பு பூராத் தொறந்து கெடக்குது. யாருங்க காவலுக்கு?”

“அதே பயம் எங்களுக்கும் இருக்குதுங்க. அதுக்காகச் சும்மா இருந்தாலும் தோல் போயிட்டே இருக்கும். ஒண்ணு கேக்கணும். இவங்களுக்கு முன்னாடி எப்பவாச்சும் டி.பி. வந்திருக்குதுங்களா?”

அறையில் அத்தையும் இருந்தார். அவருடைய வளையல் சத்தத்தை வைத்து, என் கால்மாட்டில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். சண்முகத்திடமிருந்து பதில் வரவில்லை. கல்லூரி படிக்கும்போது எனக்குக் கழுத்தில் நெறிகட்டி, அது காசநோய்க் கட்டி என்று சொல்லி, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தழும்பு மட்டும் மிஞ்ச, முழுக்கக் குணமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே சண்முகத்திடம் சொல்லியிருந்தேன். வேறு ஊர், வேறு சாதிப் பெண் என்பதற்கே வீட்டில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்ததால், இதைத் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்தான்.

அவர் தயங்கிய நேரம் சில நொடிகள்தான் இருக்கும். ஆனால் கேட்டது என் உயிரைப் பற்றிய கேள்வி. நாக்கு தடித்திருந்தது, உதடு ஒட்டியிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

“ஆமா டாக்டர். கழுத்துல. மாத்திர முழுசாச் சாப்பிட்டேன்.”

டாக்டர் வேறு எதுவும் சொல்வதற்கு முன் அத்தையின் குரல் வந்தது.

“அப்படி வந்திருந்தா அந்த ஊசி போடக் கூடாதுங்களா?”

“போட்டா ஆபத்து அதிகமுங்கம்மா. டி.பி. கிருமி முழுசாச் சாகாம எங்கியாச்சும் தூங்கிட்டிருக்கலாம். அதைச் சுத்தி நம்ம செல்லுங்க சுவர் கட்டி நிக்கும். நின்னுட்டே இருங்கன்னு அதுங்களுக்குச் சொல்றதும் இந்த டி.என்.எஃப்தான். புடிச்சுட்டா அந்தச் சுவரு தளர்ந்துரும்.”

“வேற மருந்து இல்லீங்களா?”

“இருக்குதுங்க. சைக்ளோஸ்போரின்னு. செய்தியை வெளிய புடிக்காம, அதை அனுப்பற செல்லையே உள்ளுக்குள்ள அடக்கிவைக்கும். அதுலயும் ஆபத்து இல்லாம இல்லை. கிட்னியைப் பார்த்துட்டே இருக்கணும். டி.பி.யையும் பார்த்துட்டே இருக்கணும். ஆனா இவங்களுக்கு அதுதான் தேவலை.”

“அதையே குடுங்க” என்றார் அத்தை. சண்முகத்திடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சரி என்றார்.

அன்றைக்கே மூக்குக் குழாய் வழியாக மருந்தை ஆரம்பித்தார்கள்.

டி.பி. விஷயத்தை அத்தை பிறகு ஒரே ஒரு முறைதான் பேசினார். மதியம், நர்ஸ் இல்லாத நேரம். சோப்பு போட்டுக் கழுவிய கையின் வாசனையை வைத்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைத் தெரிந்துகொண்டேன்.

“கழுத்துத் தழும்பக் கண்ணாலத்தன்னைக்கே பாத்தேன் கண்ணு. தாலி முடிஞ்சு சடையத் தூக்கறப்ப. என்னமோ இருந்திருக்குதுன்னு தெரியும். சொல்லோணும்னு தோணுனாச் சொல்லட்டும்னு வுட்டுட்டேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பேசாத, ஒதடு வெடிக்கும்” என்றார்.

அடுத்த நாட்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைக்காத பிரிவு அது. கண்ணும் ஒட்டியிருந்ததால் பகல் இரவு என்பது நர்ஸ்களின் குரல் மாறுவதை வைத்துத்தான். காலையில் வலைத்துணி மாற்றுவார்கள். அதற்கு முன் ஊசி போடுவார்கள். வலி போகாது, ஆனால் அந்த வலி வேறு யாருக்கோ நடப்பதுபோலக் கொஞ்சம் தள்ளி நிற்கும். தினமும் கண் டாக்டர் ஒருவர் வந்து, இமைக்கும் விழிக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குச்சியை விட்டு ஒட்டியதைப் பிரிப்பார். செய்யாவிட்டால் இமை விழியோடு ஒட்டியே வளர்ந்துவிடும் என்றார். அந்தக் குச்சி வருவதற்கு முன்பு அவருடைய காலடிச் சத்தம் வரும். வேறு எந்த டாக்டரின் நடையும் எனக்கு இப்போது நினைவில்லை, அவருடையது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு விழியின்மேல் ஒரு சவ்வை வைத்தார்கள். யாரோ ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனபோது தானமாகக் கிடைத்த பனிக்குடத்தின் சவ்வு அது. புண்ணை ஆற்றவும், வீக்கத்தை அடக்கவும் அதற்குச் சக்தி உண்டாம். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. குழந்தை நன்றாக இருக்கட்டும்.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் எனக்கு வந்த அதே நோயோடு ஒருவர் இருந்தார். பீகார்க்காரர், சாயப்பட்டறையில் வேலை. அவருக்கு யூரிக் அமிலத்துக்குச் சாப்பிட்ட மாத்திரையால் வந்ததாம். அவருடைய தம்பி துணைக்கு இருந்தார். உடைந்த தமிழில் நர்ஸிடம் ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பார். “அண்ணன் இன்னிக்கு பேசுது சிஸ்டர். நல்லா ஆகும், இல்ல?” சண்முகமும் அவரும் கேன்டீனில் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று இவர் சப்பாத்தி தேடி வாங்கிக்கொடுத்தாராம்.

ஒரு மதியம் அந்தப் பக்கம் பல காலடிகள் ஓடின. இயந்திரம் ஒன்று விடாமல் கத்தியது. பிறகு அதை நிறுத்தினார்கள். தம்பி போனில் யாரிடமோ இந்தியில் பேசினார். கம்பெனியில் கேட்டுப் பழகியதால் வேலை, சீக்கிரம், எண்ணிக்கை ஆகியவற்றுக்கான இந்தி வார்த்தைகள் எனக்குத் தெரியும். அவர் பேசியதில் அந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் புரிந்தது.

அண்ணனுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். மறுநாள் எனக்குக் காய்ச்சல் ஏறியது. என் கால் விரல்களில் புண் இல்லாத ஒரு விரல் இருந்தது, சண்முகம் அன்று முழுக்க அதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். மாற்றியது கேட்டது. காய்ச்சல் இறங்கியது. எனக்கு ஏன் கேட்டது, அவருக்கு ஏன் கேட்கவில்லை என்று டாக்டரிடம் கேட்டதற்கு, “தெரியலைங்க” என்றார். அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட பதில்களில் மிகவும் நேர்மையானது அதுதான்.

பிறகு ஒரு நாள் வலைத்துணி மாற்றும்போது, புதிதாக எங்கேயும் உரியவில்லை என்றார் நர்ஸ். அடுத்த நாளும் உரியவில்லை. முதுகின் ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாக மெல்லிய தோல் வளரத் தொடங்கியது என்று சண்முகம் பார்த்துச் சொன்னார். என் மகளுக்குப் போன் போட்டு, “அம்மாவுக்குத் தோல் வருது கண்ணு” என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லியிராத வாக்கியம்.

வாய்ப்புண் ஆறி நான் பேச ஆரம்பித்தபோது டாக்டர் நித்யாவிடம் கேட்டேன். “என் தோல் எதுக்கு டாக்டர் செத்துச்சு? போ செத்துப்போன்னு சொன்னா உடனே சாகணுமா?”

அவர் சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத்தானே முடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு பிறவியிலேயே இருக்கிறது. இது குறையல்ல, தேவை. கருவில் குழந்தையின் விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு இப்படிச் செத்துத்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. கெட்டுப்போன செல், கிருமி புகுந்த செல் எல்லாம் இப்படியே ஒதுங்கிவிடும். வெளியிலிருந்து செய்தி வந்து செல்லின் மேல்பரப்பில் உள்ள அதை வாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தில் பொருந்துகிறது. உள்ளே ஒரு புரதம் விழித்து இன்னொன்றை எழுப்ப, அது அடுத்ததை எழுப்பும். இதைத்தான் செய்திப் பாதை என்கிறார்கள்.

டி.என்.எஃப் செய்தி வந்தால் மூன்று விதமாக முடியலாம். வழக்கமாக அது செல்லின் மையத்துக்குப் போய், “பிழைத்திரு, மற்றவர்களையும் கூப்பிடு” என்று சொல்லும். அப்போது ரத்தம் பாயும், சூடாகும், சிவக்கும், வீங்கும். நாம் அழற்சி என்று சொல்வது அதைத்தான். அந்தப் பாதை எங்காவது தடைப்பட்டால், அதே செய்தி வேறு பக்கம் திரும்பும். காஸ்பேஸ் என்ற வெட்டும் புரதங்கள் கிளம்பிச் செல்லை உள்ளேயிருந்தே துண்டு துண்டாக நறுக்கி மடித்துவைக்கும். பக்கத்துச் செல்கள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அந்த வெட்டும் புரதங்களும் முடங்கிவிட்டால் மூன்றாவது வழி: செல்லின் சவ்வில் ஓட்டை விழுந்து அது வெடித்துச் சிதறும்.

“சத்தமில்லாமச் செத்தா, லைன் வீட்டுல ஒருத்தர் பூட்டிட்டுக் காலி பண்ணிட்டுப் போற மாதிரிங்க. பக்கத்து வீட்டுக்கே தெரியாது. வெடிச்சா சிலிண்டர் வெடிச்ச மாதிரி. தெருவே ஓடி வரும். ஓடி வர்றவங்களே இன்னும் சேதம் பண்ணுவாங்க. உங்களுக்கு ரெண்டும் கலந்து நடந்திருக்குது.”

“அப்ப அந்தச் செய்தி நல்லதா கெட்டதா?”

“உங்க தோலைக் கொன்னதும் அதுதான். இத்தனை வருஷமா உங்க டி.பி.யை எழவிடாம வெச்சிருந்ததும் அதுதான். இதுக்கு மேல எனக்கும் சொல்லத் தெரியலைங்க.”

கண்ணைத் திறந்த அன்று நான் முதலில் பார்த்தது ஜன்னலோரம் நின்ற அத்தையை. மங்கலாகத்தான் தெரிந்தார். இளைத்திருந்தார். எனக்கு முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டுமென்று கேட்டேன். நர்ஸும் சண்முகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தன் பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஒரு வாரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டேன்” என்றார். முகம் திட்டுத்திட்டாகக் கறுத்தும் வெளுத்தும் இருந்தது. அடையாளம் தெரிந்தது. அது போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் எங்கள் கார் இல்லை. ஆஸ்பத்திரி பில்லுக்குப் போயிருந்தது.

இதை எழுதுவது யாரையும் மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. அந்த மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு நல்லதையே செய்கிறது. என் உடம்பின் மரபணுவில் உள்ள ஒரு அடையாளம்தான் இப்படி ஏமாற இடம் கொடுத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தது. மகளுக்கும் பரிசோதித்தோம், அவளுக்கும் இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் வாய் திறந்ததும் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லப் பழக்கியிருக்கிறோம். புது மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும், கண் எரிச்சலும், வாய்ப்புண்ணும், தோலில் புள்ளியும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. முகவலி எனக்குத் திரும்ப வந்தது. ஊசி வழியாக நரம்பைச் சுட்டு மரக்கவைத்தார்கள். வலது கன்னம் கொஞ்சம் மரத்திருக்கிறது, பரவாயில்லை.

நிரந்தரமாக மிஞ்சியது கண். கண்ணீரைச் சுரக்கும் இடங்கள் புண்ணாகி ஆறியதில் அடைந்துவிட்டன. எனக்குக் கண்ணீர் வராது. மணல் விழுந்ததுபோல எப்போதும் உறுத்தும். மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட வேண்டும். கம்பெனியில் இப்போது செக்கிங் மேஜையில் என்னை உட்கார்த்துவதில்லை, பேக்கிங் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி.

சென்ற ஐப்பசியில் என் அப்பா இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். சண்முகம், மகள், அத்தை, நான் நான்கு பேரும் விடிந்ததும் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். நான் ஒரே பிள்ளை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடைத்தது, குரல் வந்தது, முகம் கோணியது. கண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. அழ முயன்றதில் எரிச்சல்தான் அதிகமானது. சுற்றியிருந்த பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஒத்தப் பிள்ள. தூக்கி வளத்த மனுசன். ஒரு சொட்டுத் தண்ணி வரல பாரேன். திருப்பூர் போனா கல்லாயிருவாவ போல.”

என் நோய் அவர்களுக்குத் தெரியும். கண்ணீர் வராது என்பது தெரியாது. அந்த இடத்தில் எழுந்து அதை விளக்கவா முடியும்?

பெண்களுக்கு நடுவே, யாரையும் தெரியாமல் தூணோரம் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தார். என் பக்கத்தில் அமர்ந்தார். மடியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். இன்னொரு கையால் என் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அணைத்தார். பார்க்கிறவர்களுக்கு அவர் என்னைத் தேற்றுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

“மேல பாரு கண்ணு” என்றார், என் காதுக்கு மட்டும்.

பார்த்தேன். பந்தல் கீற்றின் இடுக்கில் வெளிச்சம். ஒரு கண்ணில் சொட்டு விழுந்தது, மறு கண்ணிலும் விழுந்தது. எப்போதும் விடுவதைவிட அதிகமாகவே விட்டார். நிறைந்து வழிந்து இரண்டு கன்னங்களிலும் இறங்கியது. வலது கன்னத்தில் இறங்கியது எனக்குத் தெரியவில்லை, இடது கன்னத்தில் தெரிந்தது.

“ஆங், இப்பம்தான் அழுதா” என்றார் பெரியம்மா. “அழட்டும், விடுங்க. அழுது தீக்கட்டும்.”

அத்தை மூடியைத் திருகிச் சொட்டு மருந்தை மடியில் செருகிக்கொண்டு, தன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.